நோட்டு அச்சடிப்பதும் பணம் பெருகுவதும் ஒன்றா?

சென்ற இதழில் விலைவாசி குறித்த ஒரு பதிலில், "நாட்டில் புழங்கும் பணம் உற்பத்திக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை அதிகம் என்பதால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: உற்பத்திக்கு "ஏற்ற அளவு" என்றால் எவ்வளவு? பொருள் 5 சதவீதம் கூடினால் பணமும் 5 சதவீதம்தான் கூடலாம் என்று பொருளா? அதற்கு மேல் அரசு அச்சடித்தால் தவறா? (ஈரோட்டிலிருந்து ஒரு மஞ்சள் வணிகர்)

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பணம் என்றவுடன் நம் மனம் நோட்டை நினைக்கிறது. ஆனால் பொருளியலில் பண அளிப்பு என்பது மக்கள் கையில் உள்ள ரொக்கத்தோடு, வங்கிகளில் அவர்கள் வைத்திருக்கும் நடப்பு, சேமிப்பு, நிரந்தர வைப்புகளையும் சேர்த்த தொகை. இந்திய ரிசர்வ் வங்கி இதை எம்-3 என்ற பெயரில் கணக்கிட்டு வெளியிடுகிறது. இன்று அந்தத் தொகையில் ரொக்கத்தின் பங்கு ஏறத்தாழ ஏழில் ஒன்றுதான். மற்றதெல்லாம் வங்கி ஏடுகளில் இருக்கும் எண்கள். உங்கள் ஊர்க் கிடங்கில் இருக்கும் மஞ்சளை ஈடாகக் காட்டி ஒருவர் வங்கியில் 10 லட்சம் ரூபாய் கடன் வாங்கினால், அந்தத் தொகை அவர் கணக்கில் வரவு வைக்கப்படும் அந்த நொடியில் நாட்டின் பணம் 10 லட்சம் கூடுகிறது. அச்சகத்தில் ஒரு தாள்கூட ஓடவில்லை. எனவே பணம் கூடுவதையெல்லாம் அரசு அச்சடிப்பதாக எண்ணுவது சரியல்ல.

இனி "ஏற்ற அளவு" பற்றி. நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் எண்ணிலேயே விடை சொல்ல முயன்றார்கள். பொருளியலாளர் சுகமாய் சக்கரவர்த்தி தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1985-ல் தந்த அறிக்கையை ஒட்டிய கணக்கு இது: உற்பத்தி ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும், விலைவாசி 4 சதவீதம் உயர்வதைப் பொறுத்துக்கொள்ளலாம், அப்படியானால் பணம் 14 சதவீதம் வளரலாம். ஐந்தும் நான்கும் ஒன்பதுதானே, பதினான்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். விலை உயர்வைக் கழித்த உண்மையான வருமானம் ஒரு சதவீதம் கூடினால், மக்கள் கையிலும் வங்கியிலும் வைத்திருக்க விரும்பும் பணம் இரண்டு சதவீதம் கூடுகிறது என்பது அன்றைய இந்தியாவைக் கவனித்துக் கண்ட உண்மை. ஐந்தை இரண்டால் பெருக்கி, நான்கைக் கூட்டினால் பதினான்கு.

அந்த "இரண்டு"தான் வளரும் நாடுகளின் கதை. கூலியை நெல்லாக அளந்து வாங்கியவர் ரூபாயாக வாங்கத் தொடங்குகிறார். வீட்டுத் தேவைக்கு மட்டும் விளைவித்தவர் சந்தைக்குக் கொண்டுவருகிறார். உண்டியலிலும் அடுக்குப் பானையிலும் இருந்தது வங்கிக்கு வருகிறது. இவை ஒவ்வொன்றும், விலைவாசியை உயர்த்தாமலேயே, கூடுதல் பணத்தை உள்வாங்கிக்கொள்ளும். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது நாடு முழுவதும் இருந்த வங்கிக் கிளைகள் 8,262. அவற்றில் கிராமப்புறக் கிளைகள் 1,833 மட்டுமே. 1990-ல் மொத்தக் கிளைகள் 60,000-ஐ நெருங்கின. இதே காலத்தில் எம்-3, நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்கு அளவிலிருந்து ஏறத்தாழ பாதியை நெருங்கியது. இன்று அது ஐந்தில் நான்கு பங்கை ஒட்டி நிற்கிறது. 1950-51-ல் பணத்தில் பாதிக்கும் மேல் ரொக்கமாகவே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த உயர்வின் பெரும்பகுதி அச்சகம் செய்த வேலையன்று, வங்கிக் கிளைகள் செய்த வேலை என்பது விளங்கும்.

ஆனால் அந்த 14 என்ற எண் நிலைக்கவில்லை. 1990-களில் நிதிச் சந்தைகள் மாறியபோது பணத்திற்கும் விலைக்கும் இடையிலான பழைய உறவு தளர்ந்தது. 1998-ல் ரிசர்வ் வங்கி அந்த இலக்கை விட்டு, பல குறியீடுகளைச் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு மாறியது. 2016 முதல் சட்டப்படி அதன் இலக்கு பணத்தின் அளவன்று, விலைவாசியே: 4 சதவீதம், இருபுறமும் 2 சதவீதம் விலகலாம். ஆகவே உங்கள் கேள்விக்கு என்றைக்கும் பொருந்தும் ஓர் எண்ணைத் தர என்னால் இயலாது. மக்கள் விரும்பி வைத்துக்கொள்ளும் அளவே ஏற்ற அளவு. அதற்கு மேல் வந்த பணத்தை அவர்கள் கையைவிட்டுத் தள்ள முனையும்போதுதான் விலை எகிறுகிறது.

கேள்வி: ரிசர்வ் வங்கியில் உள்ள தங்கத்தின் மதிப்புக்குத்தானே நோட்டு அச்சடிக்க முடியும்? (கும்பகோணத்திலிருந்து)

பதில்: ஓரளவு அப்படிப்பட்ட விதி ஒரு காலத்தில் இருந்தது. 1956 வரை, வெளியிட்ட நோட்டுகளின் மதிப்பில் 40 சதவீதத்திற்குத் தங்கமும் அயல்நாட்டுப் பத்திரங்களும் வைத்திருக்க வேண்டும். ஐந்தாண்டுத் திட்டங்களின் செலவு அந்த வரம்புக்குள் அடங்காது என்பதால் விதி மாற்றப்பட்டது. 1957 முதல் இருப்பது குறைந்தபட்ச இருப்பு முறை: 115 கோடி ரூபாய் மதிப்புள்ள தங்கம் உட்பட மொத்தம் 200 கோடி இருந்தால் போதும். இன்றைய பொருளாதாரத்தின் அளவுக்கு அந்த 200 கோடி ஒரு தடையே அல்ல. நோட்டின் மதிப்பைக் காப்பது பெட்டகத்துத் தங்கமன்று. அந்த நோட்டைக் கொடுத்தால் நாளையும் அரிசி கிடைக்கும் என்ற நம்பிக்கை.

கேள்வி: சீனாவில் பணம் உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறதாம், நைஜீரியாவில் கால் பங்குதானாம். பணம் கூடினால் விலை ஏறும் என்பது உண்மையானால் சீனாவில்தானே விலை பறக்க வேண்டும்? போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது எழுந்த ஐயம். (மதுரையிலிருந்து ஒரு மாணவி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த இதழ் முழுவதையும் கொடுக்கலாம். பாடப்புத்தகம் விட்டுவிடும் இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் எண்கள் சரியானவை. 2023 இறுதியில் சீனாவின் பண அளிப்பு ஏறத்தாழ 292 டிரில்லியன் யுவான் (ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி). அந்த ஆண்டின் உற்பத்தி 126 டிரில்லியன் யுவான் அளவில். அந்த ஆண்டு அங்கே நுகர்வோர் விலை உயர்வு வெறும் 0.2 சதவீதம். நைஜீரியாவிலோ 2023 டிசம்பரில் விலைவாசி உயர்வு 28 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பணம் குறைவாக உள்ள நாட்டில் விலை பறக்கிறது, மிகுதியாக உள்ள நாட்டில் அசையாமல் நிற்கிறது. முரண்போலத் தோன்றினாலும் இதில் முரண் இல்லை.

நீங்கள் சொல்வது பணத்தை உற்பத்தியால் வகுத்தால் வரும் விகிதம். இந்த விகிதத்தின் மேல்பகுதியில் இருப்பது பணம். கீழ்ப்பகுதியில் இருப்பது சந்தை விலையில் கணக்கிட்ட உற்பத்தி. விலை உயர்ந்தால் கீழ்ப்பகுதியும் உயரும் என்பதை மறந்துவிடக் கூடாது. மக்களுக்குத் தம் நாட்டுப் பணத்தின்மீது நம்பிக்கை குறையும்போது, கையில் வந்ததை உடனே அரிசியாக, சிமென்ட்டாக, டாலராக மாற்றிவிடுகிறார்கள். அதே பணம் ஆண்டுக்குப் பல கைகள் மாறுகிறது. இதைத்தான் சுழற்சி வேகம் என்கிறோம். வேகம் கூடினால் பணம் பெருகுவதைவிட விரைவாக விலை ஏறும். அப்போது விகிதம் குறையும். அளவுக்கு மீறி அச்சடிக்கும் நாட்டில் இந்த விகிதம் நாளடைவில் உயராமல் சரிந்துவிடுவது இதனால்தான்.

நைஜீரியாவையே பாருங்கள். அந்நாட்டு மத்திய வங்கி, கூட்டரசுக்குத் தரும் முன்பணம் முந்தைய ஆண்டு வருவாயில் 5 சதவீதத்தை மீறக் கூடாது என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடந்தது வேறு. 2023-ல் அந்த முன்பணம் 22 டிரில்லியன் நைராவைத் தாண்டி, நீண்டகாலக் கடனாக மாற்ற வேண்டிய நிலைக்கு வந்தது. இவ்வளவு கொட்டியும் பணத்தின் விகிதம் இத்தனை தாழ்ந்தே இருக்கிறது என்றால், மக்கள் நைராவைக் கையில் வைத்திருக்க விரும்பவில்லை என்றே பொருள்.

இதன் கடைக்கோடி ஜிம்பாப்வே. 2000-க்குப் பிறகு வேளாண் உற்பத்தி சரிந்து, வரி வருவாயும் வற்றி, அரசின் செலவுகளுக்கு மத்திய வங்கியே பணம் உண்டாக்கிக் கொடுத்தது. 2008 ஜூலையில் அரசு அறிவித்த விலைவாசி உயர்வு 23.1 கோடி சதவீதம். 2009 ஜனவரியில் 100 டிரில்லியன் ஜிம்பாப்வே டாலர் நோட்டு வெளிவந்தது. சில வாரங்களில் நாட்டுப் பணத்தை விட்டு அமெரிக்க டாலரிலும் தென்னாப்பிரிக்க ராண்டிலும் வணிகம் செய்ய அரசே இசைவளித்தது. பழைய நாட்டுப் பணத்தை 2015-ல் முறைப்படி திரும்பப் பெற்றபோது, 175 குவாட்ரில்லியன் வரை, அதாவது 175-க்குப் பின் 15 சுழியங்கள் கொண்ட தொகை வரை கணக்கில் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது 5 அமெரிக்க டாலர். எண்ணிக்கையில் கற்பனைக்கு எட்டாத அளவுக்குப் பெருகிய பணம், மதிப்பில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுருங்கியது.

சீனாவுக்கு வருவோம். அங்கே குடும்பங்கள் வருமானத்தில் பெரும்பகுதியைச் சேமிக்கின்றன. அந்தச் சேமிப்பு போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் வங்கி. தொழிலுக்கு வேண்டிய முதலும் பங்குச் சந்தையைவிட வங்கிக் கடனாகவே கிடைக்கிறது. கடன் கூடக் கூட வைப்பும் கூடுகிறது. 2008 நவம்பரில் 4 டிரில்லியன் யுவான் ஊக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டு, 2009-ல் மட்டும் பணம் 27 சதவீதத்திற்கு மேல் பெருகியது. அதே ஆண்டு நுகர்வோர் விலை 0.7 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தப் பணம் எங்கும் போகவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது சாலைகளாயிற்று, தொழிற்சாலைகளாயிற்று, ஆளில்லா அடுக்குமாடிகளும் ஆயிற்று. காய்கறி விலையில் தெரியாதது மனை விலையில் தெரிந்தது. 2021-ல் எவர்கிராண்டே போன்ற கட்டுமான நிறுவனங்கள் கடன் தவணை தவறியபோது அதன் மறுபக்கமும் தெரிந்தது. எனவே உயர்ந்த விகிதத்தை நலத்தின் அடையாளமாக மட்டும் எழுதிவிட வேண்டாம். வங்கி பரவியதற்கும் அது அடையாளம். கடன் குவிந்ததற்கும் அடையாளம்.

1973-ல் ரொனால்ட் மெக்கினன், எட்வர்ட் ஷா என்ற இரு பொருளியலாளர்கள் இந்த விகிதத்தை வளர்ச்சியின் ஓர் அளவுகோலாக முன்வைத்தார்கள். தேர்வில் அவர்கள் பெயர் கேட்கப்படலாம். அதோடு சுழற்சி வேகத்தையும் சேர்த்து எழுதினால் விடை முழுமையாகும்.

கேள்வி: எங்கள் தெருவில் மாதம் 5,000 ரூபாய்ச் சீட்டு நடக்கிறது. நாங்கள் போடும் பணம் இந்த எம்-3 கணக்கில் வருமா? (சேலத்திலிருந்து ஒரு குடும்பத்தலைவி)

பதில்: சீட்டு என்ற பெயரில் வராது. உங்கள் கையிலோ சீட்டு நடத்துபவரின் வங்கிக் கணக்கிலோ இருக்கும்வரை அது ரொக்கமாக அல்லது வைப்பாக ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டது. கைமாறுகிறதே தவிரப் புதிதாகப் பிறப்பதில்லை. அஞ்சலகச் சேமிப்பும் எம்-3-ல் இல்லை. நகையாகப் போட்டு வைத்திருப்பதும் இல்லை. நம் குடும்பங்கள் சேமிப்பில் இத்தனை பெரிய பகுதியை வங்கிக்கு வெளியே வைத்திருப்பதால்தான், இந்தியாவின் விகிதம் சீனத்தைப்போல ஏறவில்லை என்பது என் கருத்து. அவசரத்திற்கு ஒரே நாளில் கையில் பணம் தரும் ஏற்பாடு சீட்டும் அடகுக் கடையும்தான் என்ற நிலை இருக்கும்வரை, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கேள்வி: அரசுக்குப் பணம் போதாதபோது ரிசர்வ் வங்கி கேள்வி கேட்காமல் கொடுத்துக்கொண்டிருந்தது என்று என் தந்தையார் சொல்வார். இப்போதும் அப்படித்தானா? (திருச்சியிலிருந்து)

பதில்: உங்கள் தந்தையார் சொன்னது மிகையன்று. 1955-ல் மத்திய அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் ஓர் ஏற்பாடு உண்டானது. வார இறுதியில் அரசின் கையிருப்பு 50 கோடி ரூபாய்க்குக் கீழே போனால், அந்தக் குறையை ஈடுகட்டத் தற்காலிகக் கருவூல உண்டியல் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) தானாகவே உண்டாகி, ரிசர்வ் வங்கியின் கணக்கில் ஏறும். மறுக்கும் வழி வங்கிக்கு இல்லை. 91 நாள் கடன் என்பது பெயருக்குத்தான். தீரும் நாளில் புதிய உண்டியல் பிறக்கும். 1974 முதல் அதன் வட்டி 4.6 சதவீதமாகவே நின்றது. வெளியே கடன் வாங்குபவர் கொடுத்த வட்டியை எண்ணிப் பார்த்தால், அரசுக்கு இது எவ்வளவு எளிதான வழி என்பது புரியும்.

இந்தக் கதவை அடைத்ததில் அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜனுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்த அரசோடு 1994 செப்டம்பரில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. மூன்றாண்டுகளில் படிப்படியாகக் குறைத்து, 1997 ஏப்ரலோடு அந்த உண்டியல் முறை முடிவுக்கு வந்தது. இப்போது அரசுக்குக் கிடைப்பது வரம்புக்கு உட்பட்ட, குறித்த நாளில் திருப்பித் தர வேண்டிய கைமாற்று மட்டுமே. 2003-ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி, 2006 ஏப்ரல் முதல் அரசு வெளியிடும் பத்திரத்தை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கவும் கூடாது. சந்தையில் பிறரிடமிருந்து வாங்கலாம், வாங்கியும் வருகிறது. ஆனால் எப்போது, எவ்வளவு என்பது வங்கியின் முடிவு. ஓசையில்லாமல் நடந்த இந்த மாற்றத்தை நம் பொருளாதாரச் சீர்திருத்தங்களில் மிக முதன்மையான ஒன்றாக நான் மதிக்கிறேன்.

கேள்வி: பணமதிப்பு நீக்கத்தின்போது பண அளிப்பு அடியோடு சரிந்ததா? யுபிஐ வந்த பிறகும் ரொக்கம் கூடுவது ஏன்? (திருப்பூரிலிருந்து)

பதில்: சரிந்தது ரொக்கம், மொத்தப் பணம் அப்படிச் சரியவில்லை. 2016 நவம்பர் 8 அன்று செல்லாதென அறிவிக்கப்பட்ட நோட்டுகளின் மதிப்பு 15.41 லட்சம் கோடி ரூபாய். புழக்கத்தில் இருந்ததில் 86 சதவீதம். அதில் 15.31 லட்சம் கோடி வங்கிக்குத் திரும்பியது. கையில் இருந்தது கணக்குக்கு மாறியதே தவிர, எம்-3-ன் கூட்டுத்தொகை பெரும்பாலும் அப்படியே இருந்தது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் நடக்காததுபோலத் தோன்றியிருக்கும். வாரக்கூலியை ரொக்கமாகத் தரும் உங்கள் ஊர்ப் பட்டறைகளுக்கு அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஒரே அளவு பணம், வேறு வடிவில் இருந்தால் வேலை நின்றுபோகும் என்பதை நாம் அன்று அறிந்தோம்.

ரொக்கத்தின் விகிதம் 2016 மார்ச்சில் உற்பத்தியில் 12 சதவீதம் அளவில் இருந்து, அடுத்த மார்ச்சில் 9 சதவீதத்திற்குக் கீழே போய், பெருந்தொற்று ஆண்டான 2020-21-ல் 14 சதவீதத்தைத் தாண்டியது. செலவுக்குக் கைப்பேசி, பயத்துக்கு நோட்டு என்று மக்கள் பிரித்துக்கொண்டுவிட்டார்கள்.

கேள்வி: 2022-ல் இலங்கையில் விலைவாசி அப்படி ஏறியதற்குக் காரணம் மத்திய வங்கி காசு அச்சடித்ததா, அல்லது டாலர் இல்லாமல் போனதா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். இப்போது பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது தெரியவில்லையே. (யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள். 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அடுத்து வந்த பெருந்தொற்று சுற்றுலா வருமானத்தையும் அடித்துச் சென்றது. வரவு விழுந்த இடத்தில், அரசின் திறைசேரி (கருவூல) உண்டியல்களை மத்திய வங்கி வாங்கிக் குறையை நிரப்பியது. உற்பத்தி சுருங்கிய 2020-ல் பண அளிப்பு 20 சதவீதத்திற்கு மேல் பெருகியது. விலைவாசி உடனே எகிறவில்லை. எனவே அச்சடித்தாலும் தீங்கில்லை என்று வாதிட்டவர்கள் அன்று இருந்தார்கள்.

எரிபொருளும் மருந்தும் பால்மாவும் வெளியிலிருந்து வரும் ஒரு தீவில், மிகுதியான ரூபாய் முதலில் விலையில் தெரிவதில்லை. டாலர் கையிருப்பில் தெரியும். அந்த ரூபாய் இறக்குமதியைத் தேடிப் போகிறது. நாணய மாற்று விகிதத்தை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்துவைக்க முயன்ற வங்கி, இருந்த டாலரைக் கொடுத்தது. வெளிநாட்டுக் கடனுக்கும் அதிலிருந்தே கட்டியது. 2019 இறுதியில் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு, 2022 மே மாதத்தில் பயன்படுத்தத்தக்க அளவில் 5 கோடிக்கும் கீழே போனது. மார்ச் மாதம் பிடியை விட்டதும் டாலர் சில வாரங்களில் 360 ரூபாயை எட்டியது. அதுவரை அணைக்குள் தேங்கியிருந்த பணமெல்லாம் அதன் பிறகுதான் விலையாகப் பாய்ந்தது. 2021-ல் இரசாயன உரத்திற்கு விதித்த தடையால் விளைச்சலும் குறைந்திருந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 69.8 சதவீதம் கூடியிருந்தது.

ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில் அந்த உயர்வு 1.3 சதவீதம் மட்டுமே. உங்கள் வீட்டில் ஏன் தெரியவில்லை என்பதற்கு விடை இந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஏறுவது நின்றது, ஏறிய விலை இறங்கவில்லை. 100 ரூபாய்க்கு வாங்கியது 170 ஆகி, பிறகு 172 ஆனால், அதைப் பணவீக்கம் குறைந்தது என்பார்கள். உங்கள் ஓய்வூதியம் 170 ஆனதா என்பதே கேள்வி.

அச்சடித்த பணத்தின் செலவை யாரோ ஒருவர் ஏற்றே ஆக வேண்டும். வீடும் நிலமும் டாலரும் வைத்திருந்தவர்கள் ஏற்கவில்லை; அவற்றின் ரூபாய் மதிப்பும் கூடவே ஏறியது. ஏற்றவர்கள், ரூபாயிலேயே கூலியும் ரூபாயிலேயே சேமிப்பும் வைத்திருந்தவர்கள். 2023-ல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, ஊழியர் சேமலாப நிதியின் (இங்கே வருங்கால வைப்பு நிதி என்பது போன்றது) பத்திரங்கள், 2025 வரை 12 சதவீதமும் அதற்குப் பிறகு 9 சதவீதமும் வட்டி தரும் புதிய பத்திரங்களாக மாற்றப்பட்டன. விலைவாசி தின்றது போக எஞ்சிய சேமிப்பிலும் தொழிலாளர்கள் ஒரு பங்கைத் தந்தார்கள். அதே ஆண்டின் 16-ஆம் இலக்கச் சட்டம், அரசின் உண்டியல்களை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடைசெய்துவிட்டது. உங்கள் சேமிப்பு கரைந்துபோன பிறகு வந்த சட்டம் அது. உங்கள் மாணவர்களின் சேமிப்பையாவது அது காக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.